வெளி ஆர்டர்

மீன் மார்க்கெட்டில் எல்லோரும் அவளைக் கெடுபிடி என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் மீனை மறுநாள் மீனோடு கலக்க மாட்டாள். "இது நேத்து வந்தது, விலையும் நேத்து விலைதான்" என்று வாங்க வந்தவர்களின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். மீனை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறவர்களிடம், "ஒரு தடவை போதும்மா, அதுக்கும் வலிக்கும்ல" என்பாள். கடையில் கூட நிற்பது அவள் நாத்தனார். கெடுபிடியின் கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். கடையையும் வீட்டையும் அண்ணியும் நாத்தனாருமாகவே இழுத்துக்கொண்டு போனார்கள்.

மார்க்கெட் தெருவின் கோடியில் ஐஸ் கம்பெனி. விடிவதற்குள் எல்லாக் கடைக்காரர்களும் தள்ளுவண்டியோடு அதன் கேட்டுக்கு முன்னால் போய் நிற்பார்கள். உள்ளே உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகர டின்களைத் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, ஆளுயரப் பாளங்களைச் சறுக்கிவிடுவார்கள். அதை மிஷினில் போட்டு உடைத்தால் சாக்கு நிறையத் தூள் ஐஸ். முதலாளி கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லி, வீட்டு நலம் விசாரித்து அனுப்புவார். இனிக்க இனிக்கப் பேசுகிற மனிதர்.

சில வருடங்களுக்கு முன் அவருடைய கம்ப்ரசர் படுத்துவிட்டது. சரியாகிப் பாளம் விழ ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் மார்க்கெட்டே பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு கம்பெனிக்கு அலைந்தது. அங்கே விலையும் கொஞ்சம் குறைவு. அப்படியே அங்கேயே தங்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது குறுக்கே நின்றவள் கெடுபிடிதான். "இத்தனை வருஷம் இவர்தானே குடுத்தாரு. கஷ்டத்துல விட்டுட்டுப் போனா நல்லா இருக்குமா?" என்று கடை கடையாகப் போய்ப் பேசினாள். எல்லோரையும் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாள். முதலாளி அன்றைக்குக் கண் கலங்கி, "உனக்கு இல்லாத ஐஸாம்மா" என்றார்.

அதை அவள் நம்பினாள்.

அந்தக் கோடையில் அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர் அமைந்தது. ஊருக்கு வெளியே உள்ள ஒரு தொழிற்சாலையின் கேன்டீன். வாரத்தில் மூன்று நாள் மீன் போட வேண்டும். இதற்காக அவள் ஒரு வருடம் நடையாய் நடந்திருந்தாள். கேன்டீன் மேனேஜரின் மேசைக்கு முன்னால் நின்று நின்று, கடைசியில் அந்த ஆளே அலுத்துப்போய், "சரி, ஒரு தடவை கொண்டு வாங்க, பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அது நிலைத்துவிட்டால் கணவன் ராத்திரி லாரியை விட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிடலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

முதல் நாளே போய் முதலாளியிடம் சொன்னாள். "நாளைக்கு எனக்கு எப்பவும் எடுக்கிறதைவிட ரெண்டு பங்கு வேணும் முதலாளி. முக்கியமான நாள்."

"அதெல்லாம் நீ சொல்லணுமா? உனக்குன்னு தனியா எடுத்து வச்சிடறேன், போ."

மறுநாள் விடியலில் கையில் இருந்த காசையெல்லாம் போட்டு மீனும் இறாலும் எடுத்துவிட்டு, நாத்தனாரைக் காவல் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கேட்டுக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. எங்கேயோ திறந்தவெளியில் பெரிய விருந்தாம், குளிர்பானத்துக்கு ஐஸ் வேண்டுமாம். கடைசிச் சாக்கு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

"எனக்கு எடுத்து வச்சது எங்க முதலாளி?"

முதலாளி சட்டைப் பையை அமுக்கிவிட்டுக்கொண்டார். "என்னம்மா பண்றது. அவங்க கையில காசோட வந்து நின்னாங்க, ரெண்டு மடங்கு விலை. ஒரு நாள்தானே? சமாளிச்சுக்கோ. நீ எப்படியும் நாளைக்கு வருவ, அவங்க வருவாங்களா?"

 அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு பாலம் தாண்டி ஓடினாள். அந்தப் பக்கத்துக் கம்பெனியிலும் தீர்ந்திருந்தது. பெட்டிக் கடைகளில் குளிர்பானப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த பனியைக்கூடச் சுரண்டித் தரச் சொல்லிக் கேட்டாள். மீனை ஈரச் சாக்கைப் போட்டு மூடி, நாத்தனாரோடு வண்டி பிடித்துக் கேன்டீனுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

கேன்டீன் மேனேஜர் ஒரு பெட்டியைத் திறந்தார். இறாலின் தலைகள் கறுத்திருந்தன. குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து மூடியைப் போட்டார். திட்டியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பாள். அவர் திட்டவில்லை. கர்சீப்பில் விரலைத் துடைத்துக்கொண்டே, "எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க சாப்பிடுறவங்க மனுஷங்க" என்றார்.

நேற்றைய மீனை நேற்றைய மீன் என்று சொல்லி விற்கிறவளுக்கு அந்தச் சொல் விழுந்தது. திரும்பி வரும் வழியில் நாத்தனார் அழுதாள். கெடுபிடி அழவில்லை. எல்லாவற்றையும் குப்பைமேட்டில் கொட்டும்போது பெட்டியை நாலு தரம் தட்டி, ஒட்டியிருந்த கடைசி மீனையும் விழவைத்தாள்.

மத்தியானம் ஐஸ் கம்பெனிக்குப் போனாள். முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் சோற்றுக் கையோடு கேட்டுவிட்டு, "அடடா" என்றார். "சரி விடு. நாளைக்கு ரெண்டு சாக்கு சும்மா எடுத்துக்கோ. காசு வேணாம். மனசுல வச்சுக்காத."

அவள், "சரி முதலாளி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் அந்த இரண்டு சாக்கை அவள் எடுக்கவில்லை. காசு கொடுத்து வழக்கமான அளவே வாங்கினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. முதலாளி வீட்டு நலம் விசாரித்தால் பதில் சொன்னாள். அவள் வாய்க்குப் பயந்தவள்தான் நாத்தனார். ஆனால் இந்த அமைதி அவளுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

"அண்ணி, கத்தியாவது தீர்த்துடுங்க. இப்படி உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்காதீங்க."

"கத்தினா அவர் காது வலிக்கும். அவ்வளவுதான். அது எனக்குப் பத்தாது."

மார்க்கெட்டில் மற்றவர்களிடம் பேசிப் பார்த்தாள். உச்சுக் கொட்டினார்கள். "ஒரு நாள் அப்படி ஆயிடுச்சு, விடு. தொழில்னா முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். கம்பெனி பக்கத்திலேயே இருக்கிறது, பாலம் ஏறி வண்டி தள்ள யாருக்கும் முதுகு வளையவில்லை. ஏமாந்தது அவள் ஒருத்திதான் என்பதால் அது அவர்களுக்குக் கதையாகவே இருந்தது. தனக்கு நடந்தது அவர்கள் எல்லோருடைய கண்ணுக்கு முன்னாலும், அவர்களுக்கே நடந்தாலொழிய இவர்கள் யாரும் அசைய மாட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

வெயில் தணியாத ஒரு மாலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனாள். அந்தக் கம்பெனியை நடத்துவது ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடி, சுருக்கமான பேச்சு.

"மார்க்கெட் முழுசையும் இங்க கூட்டிட்டு வர்றேன். விடியக்காலைல உங்க வண்டியிலயே பாலத்துக்கு எங்க பக்கம் வந்து இறக்கிக் குடுக்கணும். எங்க கடைகளுக்குப் போக மிச்சம்தான் வெளி ஆளுக்கு" என்றாள் கெடுபிடி.

"அத்தனை பேரும் வருவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"வர வைக்கிறது என் வேலை. சொன்ன நாள்ல நீங்க வண்டியோட வந்து நில்லுங்க. யாரும் வரலைன்னா அன்னைய ஐஸுக்கு நான் காசு தர்றேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொன்ன சொல்லை மீற மாட்டேன். வேணும்னா எழுதித் தரட்டுமா?"

"எழுத்தெல்லாம் வேணாம்மா. சொல்லை மீறினவங்களை நான் என்ன பண்றேன்னு கொஞ்ச நாள்ல நீங்களே பார்ப்பீங்க."

அடுத்து அவள் போன் செய்தது தம்பிக்கு. அவன் வேறு ஊரில் பெயின்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. இஸ்திரி போட்ட சட்டை, மினுக்கும் ஷூ, வெள்ளையை வெள்ளை என்று சொல்லாமல் பதினாறு விதமாகச் சொல்லத் தெரிந்த வாய். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். பிறகு, "மாட்டினா?" என்றான்.

"என்னத்துக்கு மாட்டணும்? ஐஸ் வேணும்னு முன்பணம் குடுக்கிற. அப்புறம் வேணாம்னு விட்டுடற. முன்பணம் அவருக்கே. இதுல என்ன குத்தம்?"

முன்பணத்துக்கு அவள் தன் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "அண்ணி, அந்தத் தோடு அண்ணன் போட்டது."

"தெரியும். அவர் வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

தம்பி ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினான். ஐஸ் கம்பெனி முதலாளியிடம், பெரிய இடத்து விருந்து என்றும், சனிக்கிழமை விழுகிற ஐஸ் மொத்தமும் வேண்டும் என்றும் சொன்னான். விடியற்காலையிலேயே உடைத்து, சாக்கில் கட்டி, மேடையில் தயாராக இருக்க வேண்டும். லாரி வந்ததும் ஏற்றிவிட்டு மீதிப் பணம் கையில். விலையை முதலாளி சொல்லும் முன்பே அவனே ஏற்றிச் சொன்னான். கற்றை நோட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடியும் விட்டான்.

அக்கா சொல்லிக் கொடுத்த கேள்வியை மறக்காமல் கேட்டான். "மொத்தத்தையும் எங்களுக்கே குடுத்துட்டா உங்க வாடிக்கைக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்களா சார்? வேணும்னா அவங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வச்சுக்கோங்க. எங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல."

முதலாளி சிரித்தார். "அவங்க எங்க சார் போகப் போறாங்க? மீன்காரங்கதானே. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பாங்க, மூணாம் நாள் கேட்டுல நிப்பாங்க."

இதைத் தம்பி வந்து சொன்னபோது கெடுபிடி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. "அதே மாதிரிதான் சொன்னாரா? வார்த்தை மாத்தாம சொல்லு" என்றாள். அவன் மறுபடி சொன்னான். "சரி. இதை நீ சொல்லாத. நேரம் வரும்போது அவரே எல்லார் முன்னாடியும் சொல்லுவார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளே முதலாளியிடம் போனாள். இது தம்பிக்கும் நாத்தனாருக்கும் தெரியாது. அந்த மனிதருக்குக் கடைசியாக ஒரு வழி விட்டு வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. "நாளைக்கு ஐஸ் இல்லம்மா, வேற இடம் பாத்துக்கோங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம், தோடு போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

"முதலாளி, நாளைக்கு சனிக்கிழமை. கூட்டம் ஜாஸ்தி இருக்கும். எங்க எல்லாருக்கும் ஐஸ் இருக்கும்ல?"

முதலாளி அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார். "இல்லாம என்ன? எப்பவும் போல வாங்க."

"நிச்சயமா?"

"என்னைக்கு உங்களை வெறுங்கையோட அனுப்பியிருக்கேன்?"

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். நெஞ்சில் இத்தனை நாள் கல் மாதிரி கிடந்தது ஒன்று புரண்டு, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. இனி அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

சனிக்கிழமை கேட் சாத்தியிருந்தது. கம்பிக்கு உள்ளே மேடையில் சாக்குகள் மலையாக அடுக்கியிருந்தன. அடியிலிருந்து புகை மாதிரிக் குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே வரிசையாகத் தள்ளுவண்டிகள். முதலில் கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கண்ணெதிரே அவ்வளவு ஐஸ் இருக்கிறது, கேட் திறக்கவில்லை.

"என்ன முதலாளி, விளையாடுறீங்களா? மீன் எடுத்து வச்சுட்டு வந்திருக்கோம்" என்றான் நண்டுக்காரன்.

"இது வெளி ஆர்டர். இன்னைக்கு ஒரு நாள் அனுசரிச்சுக்கோங்க."

"நேத்து இருக்குன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். அப்புறம் வந்தது ஆர்டர். நான் என்ன பண்ண?"

அவர் அப்படிச் சொல்வதற்கு முன்பே ஆர்டர் வந்துவிட்டது என்று அங்கே தெரிந்தவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் சத்தம் போட்டது. ஒருவர் கேட்டை உதைத்தார். ஒரு கிழவர் கும்பிட்டுக் கேட்டார், ஒரு சாக்காவது கொடுங்கள் என்று. முதலாளிக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஒரு நாளைக்கு என்னமா குதிக்கிறீங்க? நாளைக்கு இங்கதானே வந்து நிக்கப் போறீங்க? வேற எங்க போயிடுவீங்க?"

சத்தம் சட்டென்று அடங்கியது. கம்ப்ரசர் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது. கெடுபிடி அப்போதுதான் தன் வண்டியை வரிசையிலிருந்து வெளியே இழுத்தாள். "பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி ஐஸ் நிக்குது. எல்லாருக்கும் பத்தும். வர்றவங்க வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

அவள் திரும்பிப் பார்க்காமல் தள்ளினாள். பின்னால் ஒவ்வொன்றாகச் சக்கரங்கள் உருள்கிற சத்தம் கேட்டது. தெருமுனை வரும்போது அந்தச் சத்தத்தில் அவள் வண்டியின் சத்தமே கேட்கவில்லை.

லாரி வரவில்லை. முதலாளி போன் செய்தபோதெல்லாம் தம்பி, "கிளம்பிட்டாங்க சார்" என்றான். பிறகு, "வழியில டயர் பஞ்சர் சார்" என்றான். பிறகு போனை எடுக்கவில்லை. உடைத்த ஐஸை மறுபடி பாளமாக்க முடியாது. தொட்டியில் அடுத்த தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வெயில் மேடைக்கு ஏறியது. சாக்குகள் ஈரமாகி, தளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

வெயில் உச்சிக்கு வரும்போது முதலாளி ஒரு தள்ளுவண்டியில் சாக்குகளை ஏற்றி, தானே மார்க்கெட்டுக்குள் வந்தார். அவர் வண்டி தள்ளி யாரும் பார்த்ததில்லை. "பாதி விலை" என்றார். எல்லாக் கடையிலும் மீனின் மேல் வெள்ளையாக ஐஸ் குவிந்திருந்தது. ஒருவரும் நிமிரவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி, "சரி, காசே வேணாம். வச்சுக்கோங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நண்டுக்காரன் நண்டை எடை போட்டுக்கொண்டே, "வெளி ஆர்டர் சார் இது, நாங்க தொடக் கூடாது" என்றான். மார்க்கெட் முழுக்கச் சிரித்தது.

கெடுபிடி சிரிக்கவில்லை. அவர் தன் கடையைத் தாண்டும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து தண்ணீர் ஒழுகி அவர் செருப்பு நனைந்திருந்தது. அதை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

ஒரு நாள் ஐஸ் உருகியதால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். முன்பணம் வேறு அவர் கையில் இருந்தது. ஆனால் மூன்றாம் நாளும் கேட்டில் யாரும் நிற்கவில்லை. முதலாளி விலையைக் குறைத்தார். வீடு வீடாக ஆள் விட்டார். "வேற எங்க போயிடுவீங்க" என்ற சொல் எல்லோருடைய காதிலும் தைத்திருந்தது. பாலத்தில் ஏறி வண்டி தள்ளவும் தேவையில்லை, அந்தப் பக்கத்து அம்மாளின் வண்டியே வந்து நின்றது. மழைக்காலம் வந்தபோது திறந்தவெளி விருந்துகள் நின்றுபோயின. கையில் காசோடு வந்தவர்கள் ஒருவரும் வரவில்லை. பாதித் தொட்டி ஓடியது, பிறகு கால் தொட்டி, பிறகு அதுவும் நின்றது. அந்த இடத்தை அட்டைப்பெட்டி வியாபாரி ஒருவர் கிடங்குக்கு எடுத்துக்கொண்டார்.

ஐஸ் கம்பெனியில் சுமை தூக்கியவர்கள் மற்றக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், ஒருவரைத் தவிர. அவருக்கு வயதாகிவிட்டதால் அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. கெடுபிடி அந்த அம்மாளிடம் போய் இரண்டு தடவை பேசிப் பார்த்தும் நடக்கவில்லை. அந்தப் பெரியவர் வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பினாள். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். தெருவில் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போனார்.  அவள் தலை குனிந்து கடந்து போவாள்.

கணவன் வந்து காதைப் பார்த்துக் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "என்கிட்ட என்னைக்காவது கோவம்னா முதல்லயே சொல்லிடு" என்றான்.

அடுத்த கோடையில் தம்பி அக்காவைப் பார்க்க வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கடைக்குப் பெட்டி இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துப் பழைய முதலாளி அந்தப் பக்கமாக வந்தார். தம்பியைப் பார்த்தார். நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு விளங்குவது முகத்திலேயே தெரிந்தது.

"இவன் யாரு?"

தம்பி பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். நாத்தனார் கத்தியை எடுத்து ஒளித்தாள். கெடுபிடி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என் தம்பி, முதலாளி."

முதலாளி அவளிடம் திரும்பினார். "ஒரே ஒரு நாள். ஒரு நாள்தான் உனக்கு ஐஸ் இல்லைன்னேன். அதுக்குப் போயி என் பொழப்பையே அழிச்சியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"நான் ஒரு ஆர்டர்தான் குடுத்தேன். வாடிக்கைக்காரங்களுக்கு எடுத்து வச்சுக்கோங்கன்னு இவன் உங்ககிட்ட சொன்னான். முதல் நாள் நானே வந்து கேட்டேன். அன்னைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா நீங்க இன்னைக்கும் அந்த நாற்காலியில உக்காந்திருப்பீங்க. கேட்டைச் சாத்தினது நான் இல்ல."

"போலீஸுக்குப் போவேன்."

"போங்க. முன்பணம் எவ்வளவு வாங்கினீங்க, எதுக்கு வாங்கினீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. நானும் வந்து சொல்றேன்."

சுற்றிலும் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். இதில் அவள் கை இருக்கும் என்று ஏற்கெனவே பாதி சந்தேகப்பட்டிருந்தவர்களுக்கு இன்றைக்கு முழுதும் தெரிந்தது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரி தன் கூடையை ஓரடி தள்ளி வைத்துக்கொண்டதை அவள் கவனித்தாள்.

  முதலாளி எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். முதுகு வளைந்து, நடை தளர்ந்திருந்தது.

தம்பி வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்தான். "அக்கா, அந்த ஆளைப் பாத்தா பாவமா இருக்கு."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு" என்றாள் கெடுபிடி. மீனைப் புரட்டிப் போட்டாள். "அதுக்காக, மறுபடி அந்த நாள் வந்தா நான் வேற மாதிரி பண்ணுவேன்னு மட்டும் நினைக்காத. போ, அந்தப் பெட்டியை நிழல்ல வை."